மாணவர் மொழியில் மருத்துவம் தந்த டாக்டர் சாமுவேல் கிறீன்

அறிவியலைக் கற்பது ஒரு முயற்சி. கற்றதைப் பிறர் அறிய எழுதிக் காட்டுவது மற்றொரு முயற்சி. தாய்மொழியில் எழுதுவோர்க்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இரண்டாம் மொழியில் எழுத நேர்ந்தோர்க்கோ பின்னது முன்னதை மறைத்துவிடும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என நீளும் நம் தொழிற்பகுதியில் இதனை எளிதில் காணலாம். சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்று, பின்னர்ப் பொறியியற் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் சேரும் மாணவர் பலர். சோதனையைப் பிழையறச் செய்து முடிக்கும் அவர்கள், அதனை ஆங்கிலத்தில் செய்முறை ஏட்டில் எழுத வேண்டிய இடத்தில் தயங்குகின்றனர். முந்தைய ஆண்டு மாணவர் எழுதி வைத்ததைப் பார்த்து வரிக்கு வரி படியெடுப்போரும் உளர். வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறவாது நிற்போரும் உளர். தேர்வாளர் கண்ணுக்கு அஃது அறியாமையாகத் தோன்றுகிறது. உண்மையில் அது சொல் வராமையே.

இச்சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இதனை நேருக்கு நேர் சந்தித்து, இதற்கொரு வழி காண வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் உளர். அவர் தமிழருமல்லர், தமிழ்நாட்டில் வாழ்ந்தவருமல்லர். அமெரிக்காவில் பிறந்து யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி புரிந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்பவரே அவர். அறிவியல் தமிழின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவர் பெயரை விடுத்துச் செல்லல் இயலாது.

பிறப்பும் கல்வியும்

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். ஈழத்துச் சைவத் தமிழ் மறுமலர்ச்சிக்கு வித்திட்ட ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரில் தோன்றியதும் அதே 1822ஆம் ஆண்டில்தான். இருவர் நோக்கமும் வேறு, சமயமும் வேறு. எனினும் தமிழ் உரைநடையையும் அச்சுக்கூடத்தையும் கல்விக்குரிய கருவிகளாகக் கொண்டமையில் இருவரும் ஒரு காலத்தின் மக்களே.

கிறீன் பிறந்த குடும்பம் செல்வாக்குடையது. அவருக்கு இரண்டாண்டு மூத்தவரான ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் என்னும் பெரும்பூங்கா உருவாக்கத்தில் முன்னின்றவர். அந்நகரம் 1898இல் இன்றைய விரிந்த வடிவினைப் பெறக் காரணமாயிருந்தவர் எனப் போற்றப்படுபவர். தமையன் ஒரு மாநகரை அமைக்கப் புறப்பட, தம்பியோ கடல் கடந்த ஒரு குடாநாட்டின் சிற்றூரைத் தேர்ந்துகொண்டார். நியூயார்க் நகரில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷன் சங்கத்தாரால் மருத்துவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவம் அவருக்கு முன்னரே கால்கொண்டிருந்தது. பண்டத்தரிப்பில் 1820 முதல் பணியாற்றிய டாக்டர் ஜான் ஸ்கடரே அதன் முன்னோடி. பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேத்தியாவார். ஸ்கடருக்குப் பின் டாக்டர் வார்டு வட்டுக்கோட்டையில் பணி செய்தார். அவர் விட்ட இடத்திலிருந்தே கிறீன் தொடங்கினார்.

மானிப்பாயில் மருத்துவ வகுப்பு

வட்டுக்கோட்டையில் சில காலம் இருந்த பின்னர், கிறீன் 1848இல் மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி ஊர்களைச் சூறையாடிய காலம் அது. ஒரு மருத்துவர் எத்துணைதான் உழைத்தாலும் ஒரு குடாநாட்டின் நோய்களைத் தனித்துத் தீர்த்தல் இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். மருந்து கொடுப்பதினும் மருத்துவரை உருவாக்குவதே நிலைத்த தொண்டாகும் எனக் கருதி, அவ்வாண்டிலேயே மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். இலங்கையில் மேலை மருத்துவத்தை முறையாகக் கற்பித்த முதல் வகுப்பு இதுவே எனலாம். கொழும்பில் அரசினர் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். யாழ்ப்பாண நகரில் நிறுவப்பட்ட ஏழைகளுக்குதவும் சங்கத்தின் மருத்துவமனையிலும் இவ்வகுப்பின் மாணவர் பணியாற்றினர்.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. மாணவர்க்கு ஆங்கிலம் வாராததன்று. வட்டுக்கோட்டை செமினரி அக்காலத்தில் ஆசியாவிலேயே உயர்ந்த கல்வி நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகப் பின்னாளில் வெளிவந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் அதன் மாணவரே. ஆகவே கிறீனிடம் பயின்றோர் ஆங்கிலம் அறியாதவர் அல்லர்; கற்றுத் தேர்ந்தவரே. அங்ஙனமிருந்தும் ஒரு பெரும் இடைவெளி எஞ்சி நின்றது. நோயாளி தன் துன்பத்தைத் தமிழிற் கூறுவான். மாணவர் அதனை ஆங்கிலப் பாடநூற் சொற்களில் பொருத்திப் பார்ப்பர். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவர். பின்னர் நோயின் தன்மையையும் பத்தியத்தையும் நோயாளிக்கும் அவன் உற்றார்க்கும் மீண்டும் தமிழிற் சொல்ல வேண்டும். அங்கேதான் தடுமாற்றம் நேரும். குருதியோட்டத்தையும் நுரையீரலின் தொழிலையும் ஆங்கிலத்தில் விளக்க வல்லவர்க்கு அதையே தம் தாய்க்கு விளக்கச் சொற்கள் இருந்திலது. தாய்மொழியில் விளக்க முடியாத அறிவு நெட்டுருவாகவே நின்றுவிடும் ஆபத்தும் இருந்தது.

இந்நிலையில் 1855ஆம் ஆண்டு, மிஷன் தலைமையிடத்திலிருந்து வந்த ஆய்வுக்குழுவின் முடிவையொட்டி வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் அரசுப் பணி நோக்கிச் சென்றுவிடுகின்றனர் என்பதும், மக்கள் மொழியிலேயே கல்வி அமைய வேண்டும் என்பதும் அம்முடிவுக்குப் பின்னிருந்த எண்ணங்கள். தம் வாழ்வின் வாயிலை அடைத்துவிட்டார்கள் என்று மாணவரும் பெற்றோரும் மனம் நொந்தனர். அவர் மனக்குறையும் நியாயமானதே. ஆனால் கிறீன் இவ்விரு தரப்பினரும் காணாத மூன்றாவது ஒன்றைக் கண்டார். ஆங்கில நூல்களை எடுத்துவிட்டுத் தமிழில் படியுங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. படிப்பதற்குத் தமிழில் நூல் வேண்டும். இந்நூல்களை ஆக்கித் தருவதையே அவர் தம் கடமையாக மேற்கொண்டார்.

இரண்டாம் மொழியில் எழுதிய ஆசிரியர்

ஈண்டு ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். மாணவர்க்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. கிறீனுக்கோ தமிழ் இரண்டாம் மொழி. வளர்ந்த பின் கற்ற ஒரு மொழியில், அம்மொழியில் அதுவரை எழுதப்படாத ஓர் அறிவுத்துறையை எழுத முனைந்தவர் அவர். தம் மாணவர் படும் இடரை அவர் நன்குணர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருத்தல் கூடும். தாம் தனித்து எழுதினால் தமிழ் பிழைபடும் என்பதை அறிந்திருந்தார். ஆகையால் தம்மிடம் பயின்று தேர்ந்த டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணவர்களை மொழிபெயர்ப்பிலே துணைவராக்கிக் கொண்டார். பொருளை அவர் அறிவார். மொழியை அவர்கள் அறிவார்கள். நேற்றுவரை ஆங்கிலத்தில் எழுதத் தயங்கிய மாணவரே தமிழில் நூலாசிரியராயினர்.

இம்முயற்சியின் முதற் பெரும்பேறாக, கட்டர் என்பாரின் உடற்கூறு, உடற்றொழில், உடல்நலம் பற்றிய நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயரில் 1857இல் வெளிவந்தது. மான்செல் எழுதிய பிரசவ வைத்திய நூலும் அவ்வாண்டிலேயே தமிழானது. அதன் பின் கிறீன் விடுப்பில் அமெரிக்கா சென்றார். 1862இல் மார்கரெட் பெல்ப்ஸ் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே துணைவியாருடன் மானிப்பாய்க்குத் திரும்பினார்.

திரும்பியவர், இனி மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று உறுதி பூண்டார். 1864இல் தமிழ்வழி வகுப்பு தொடங்கியது. ட்ரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் 1867இல் இரணவைத்தியமாக வெளிவந்தது. கிரே முதலானோரின் உடற்கூற்று நூல்களைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும், ஹூப்பரின் நூலைத் தழுவிய வைத்தியாகரமும் 1872இல் வெளிவந்தன. உலகப் புகழ்பெற்ற கிரேயின் நூல் இலண்டனில் முதற்பதிப்புக் கண்டது 1858இல். அதிலிருந்து பதினான்கே ஆண்டுகளில் அதன் பொருள் தமிழில் கிடைத்துவிட்டது. கெமிஸ்தம் 1875இலும், டால்டனின் உடற்றொழில் நூலான மனுஷ சுகரணம் 1883இலும் வந்தன. நூல்கள் பலவும் யாழ்ப்பாணத்தில் அச்சாயின. பிற்காலத்தன சில தமிழகத்து நாகர்கோவிலில் அச்சேறின. இவ்வாறு அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழில் ஆக்கப்பட்டவை 4,000 பக்கங்களுக்கும் மேற்பட்டன. பாடநூல் ஒன்றுகூட இல்லாதிருந்த துறையில், ஒரு முழு மருத்துவப் படிப்புக்கு வேண்டிய நூல்கள் ஒரு தலைமுறைக்குள் உருவாயின.

சொல் தேடிய வழி

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் பின்பற்றிய நெறி இன்றும் நாம் அறியத்தக்கது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவார். நாட்டு வைத்தியரிடமும் பழைய வைத்திய ஏடுகளிலும் உள்ள சொற்களையும் அதற்குப் பயன்கொள்வார். ஆங்குக் கிடையாதவிடத்து வடமொழியை நாடுவார். அங்கும் இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி எழுதுவார். அங்காதிபாதம் என்னும் சொல், கேசாதிபாதம் பாதாதிகேசம் எனப் புலவர் பாடிய மரபினை நினைவூட்டுவது. கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலத்தைத் தமிழுடுப்பில் நிறுத்தியது. நூலின் ஒரு பக்கத்தில் ஒரு பொருளுக்கு வழங்கிய சொல்லே எல்லாப் பக்கங்களிலும் வழங்க வேண்டும் என்பதற்காக அருஞ்சொற்றொகுதிகளையும் அவர் தொகுத்தளித்தார். இச்செயலின் அருமையைத் தேர்வெழுதும் மாணவரே நன்கறிவர். ஒரு பொருளுக்கு ஆசிரியர் ஒரு சொல்லும் நூல் ஒரு சொல்லும் வினாத்தாள் பிறிதொரு சொல்லும் வழங்கினால், தாய்மொழியும் அவர்க்கு அயன்மொழியாகிவிடும்.

அவருடைய சொற்களில் வடமொழி மிகுதி என்று இன்று குறை கூறுவாருண்டு. அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணம் உடலியங்கியல் ஆயிற்று. கெமிஸ்தம் தமிழகத்தில் வேதியியலாகவும் ஈழத்தில் இரசாயனவியலாகவும் வழங்குகிறது. ஆயினும் கிறீன் எழுதியது தனித்தமிழ் இயக்கம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னர் என்பதை மறத்தலாகாது. இவ்வூரினராகிய நமக்கு இதில் வியப்பேதும் இருத்தற்கில்லை. இங்கே அவதரித்த இராமானுசர் தம் நூல்கள் அனைத்தையும் வடமொழியிலேயே யாத்தார். அது கற்றோர் மொழி. ஆனால் நம்மாழ்வார் திருவாய்மொழிக்கு உரை காண வேண்டியபோது, அவர்தம் கட்டளைப்படி திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஆறாயிரப்படியை மணிப்பிரவாளத்தில் எழுதினார். உயர்ந்த நூற்பொருளை மக்கள் மொழிக்குக் கொணரும் முதல் தலைமுறை, இரு மொழியும் கலந்த நடையில் எழுதுவது இயல்பே. அடுத்த தலைமுறைகள் அதனைத் தூய்மை செய்துகொள்ளும். தூய்மை செய்வதற்கும் முதலில் ஒரு நூல் எழுதப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ?

எதிர்ப்பும் இழப்பும்

தமிழ்வழி வகுப்பை எல்லாரும் வரவேற்றனர் என்று கூறல் இயலாது. ஆங்கிலத்தில் படித்தால் அரசுப் பணி கிடைக்கும். தமிழில் படித்தால் எங்கே செல்வது என்பது பெற்றோரின் கேள்வி. கிறீனின் கருத்தோ வேறு. தமிழில் படித்தவர் தம் ஊரில் தங்குவர்; தம் மக்களுக்கு மருத்துவம் செய்வர்; அதுவே வேண்டியது என அவர் நம்பினார். மருத்துவத்தோடு சமயம் பரப்புதலும் அவர் நோக்கமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் பயிற்றுவித்த அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றுத் தேறியவர் என்பது, தமிழில் இது முடியுமா என்று கேட்போர்க்கு வரலாறு தரும் விடையாகும்.

ஓய்வற்ற உழைப்பு உடல்நலத்தைக் குலைக்கவே, 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. திரும்பிய பின்னும் பணி நின்றிலது. வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்ப் படிகளைப் பார்வையிட்டும் திருத்தியும் கப்பல் அஞ்சலில் அனுப்பி வந்தார். வாரிங்கின் இந்திய மருந்துப்பொருள் நூலைத் தமிழாக்கும் பணியும் அவருடைய இறுதிக் காலத்தது. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று தம் கல்லறையில் குறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்ட கல்லறை வூஸ்டரில் உள்ளது. மானிப்பாயில் அவர் பணியாற்றிய மருத்துவமனை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்னும் பெயர் பெற்றது.

அவர் சென்ற பின்னர் மானிப்பாய்த் தமிழ்வழி வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. பட்டமும் பதவியும் அதன் வழியே கிட்டின. தமிழில் படித்தவர்க்கு மேற்படிப்பு இல்லை. புதிய ஆய்வுகளைத் தமிழில் தருவாரும் இல்லை. நூல்கள் மறுபதிப்புக் காணாமல் பழைய நூலகங்களில் ஒதுங்கின. இராஜாஜி முதலியோர் சேலத்தில் 1916இல் தமிழ்க் கலைச்சொற்களுக்கென ஓர் இதழைத் தொடங்கியபோது, கிறீன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதற்கு மாறாக முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. நல்வாய்ப்பாக, ஈழத்துக் கவிஞர் அம்பி கிறீனின் வாழ்வையும் பணியையும் ஆராய்ந்து நூலாக்கினார். அதன் பின்னரே தமிழுலகம் இப்பெருமகனை மீண்டும் அறிந்தது.

நாம் கொள்ளத்தக்கது

கிறீனின் முயற்சி தோற்றது மொழியின் குறையாலன்று. அறிவியலைச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதை அவர் 4,000 பக்கங்களில் மெய்ப்பித்தார். தமிழில் கற்றவர்க்கு அடுத்த படி எது என்னும் கேள்விக்கு அக்காலச் சமுதாயம் விடை வைத்திருக்கவில்லை. தோல்விக்குக் காரணம் அதுவே. இக்கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியபோதும், பாடநூல் உண்டா என்பதற்கு அடுத்து எழுந்த வினா, பணி உண்டா என்பதே. நம் பகுதித் தொழிற்சாலைகளில் நேர்காணலுக்குச் செல்லும் இளைஞரின் வினாவும் அதுவே. அவ்வினாவைப் பழித்துப் பயனில்லை. அதற்கு விடை காணுதலே முறை.

கிறீன் செய்த ஒன்றை நம் ஆசிரியர் எவரும் நாளையே செய்யலாம். பொருளை முதலில் மாணவர் தம் மொழியில் சொல்லட்டும், எழுதட்டும். அது தெளிந்த பின் ஆங்கிலத்திற்குச் செல்லட்டும். எழுத்துப் பிழையையும் பொருட்பிழையையும் ஒரே சிவப்பு மையால் திருத்தாது வேறுபடுத்திக் காட்டட்டும். தமிழில் தெளிந்த மாணவர் ஆங்கிலத்தைத் துணைக்கருவியாகக் கொள்வர். தெளியாத மாணவர்க்கு அது முகமூடியாகவே நிற்கும். இரு மொழியிலும் வல்ல மூத்த மாணவரை இளையோர்க்குத் துணையாக்கினால், டான்போர்த்தும் சாப்மனும் இங்கும் தோன்றுவர்.

தமக்குள் மறைத்துவைக்குமாறு கட்டளையிடப்பட்ட திருமந்திரப் பொருளை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி யாவர்க்கும் உரைத்தார் இராமானுசர் என்று குருபரம்பரை கூறும். தமக்கு என்ன நேரினும் நேர்க, பலர் உய்யட்டும் என்பது அவர் துணிவு. அறிவு என்பது மதிலுக்குள் வைத்துக் காக்கும் பொருளன்று என்னும் அவ்வுணர்வே, சமயத்தாலும் நாட்டாலும் காலத்தாலும் வேறுபட்ட கிறீனையும் இயக்கியது. அக்காலத்து மதில் மறை. இக்காலத்து மதில் மொழி. அம்மதிலின் மேலேறி நின்று பேசிய ஓர் அயல்நாட்டவரை, இராமானுசர் பிறந்த மண்ணிலிருந்து வெளிவரும் இம்மலர் நன்றியுடன் நினைவுகூர்வது பொருத்தமே. அவர் தொடங்கி நின்றுபோன நூல் வரிசையைத் தொடர்ந்து எழுதுவது அந்நன்றிக்கு உரிய செயலாகும்.